பாண்டாவைக் குரங்கு என்ற இயந்திரமும் எருமையை யானை என்ற என் கமராவும்

ஒளிக்கற்றை
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கணினி விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர் களுவாஞ்சிகுடி. செயற்றிட்டத்துக்காக யானையைக் கண்டறியும் கமரா ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வெல்லாவெளிப் பக்கம் மாமாவுக்கு வயல் இருக்கிறது. வேளாண்மை கதிர் விடத் தொடங்கினால் இரவில் யானை இறங்கும். காவற்பரணில் ஆள் விழித்திருக்க வேண்டும். கமராவே யானையைக் கண்டு கைத்தொலைபேசிக்கு அழைப்பெடுத்தால் மாமா கொஞ்சம் கண்ணயரலாம் என்பதுதான் எண்ணம்.

பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களில் ஏற்கெனவே பழகிய கணினி மாதிரி (மொடல்) ஒன்றை எடுத்து, யானைப் படங்களைக் காட்டி மேலும் பழக்கினேன். கணினி அறையில் அது ஏறக்குறையத் தவறே விடவில்லை. வயலில் வைத்த முதல் நாள் அந்தியில், குளக்கட்டில் நின்ற எருமையை யானை என்றது. மறுநாள் வைக்கோற்போரை. மாமா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

ஏன் இப்படி என்று தேடப் போய் ஒரு பாண்டாவிடம் மாட்டிக்கொண்டேன். 2014 டிசம்பரில் இயன் குட்ஃபெலோவும் இரண்டு சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில் வருகிற படம் அது. படமறியும் வலை (படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழக்கிய மென்பொருள்) ஒன்றிடம் பாண்டாவின் படத்தைக் கொடுக்கிறார்கள். "பாண்டா, 57.7 சதவீதம்" என்கிறது. பிறகு, அலைவரிசை கிடைக்காத தொலைக்காட்சியில் பெய்யும் புள்ளி மழையைப் போன்ற ஒரு கோலத்தை, கண்ணுக்கே படாத அளவு மெல்லியதாக அதன் மேல் சேர்க்கிறார்கள். நமக்கு இரண்டும் ஒரே பாண்டாதான். வலைக்கோ இரண்டாவது படம் கிப்பன் குரங்கு, 99.3 சதவீதம்.

தவறியதைவிட அந்த 99.3தான் என்னை உறுத்துகிறது. சரியாகச் சொன்னபோது 57, பிழையாகச் சொன்னபோது 99. என் கமராவும் அந்த எருமையை இப்படித்தான் அடித்துச் சொன்னது.

இவையும் நரம்பு வலைகள் என்கிறார்கள், நம் மூளையும் நரம்பு வலைதான். நாம் ஏன் இப்படி ஏமாறுவதில்லை?

படுவான்கரையான்
வெள்ளி, இரவு 9.52

யார் தம்பி ஏமாறுவதில்லை என்றது? போன மாரியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கரும்பாறைக்கு யானை வெடி கொளுத்தினோம். இரண்டாவது வெடிக்கும் அது அசையாததால்தான் பாறை என்று தெரிந்தது.

அந்தியில் எருமையையும் யானையையும் பிரிக்கத் தெரியாவிட்டால் கமராவைக் குறை சொல்ல மாட்டேன். வைக்கோற்போர் கொஞ்சம் அதிகம்.

வெறும் வாசகன்
வெள்ளி, இரவு 10.05

பாண்டா என்று தேடினால் எனக்குப் பைதன் என்ற கணினி மொழியின் தரவு நூலகம்தான் வருகிறது. அதற்கும் இந்த விலங்குக்கும் என்ன உறவு?

மூன்றாம் அடைப்புக்குறி
வெள்ளி, இரவு 10.31

ஒன்றுமில்லை. பொருளியலில் 'பனல் டேட்டா' என்று ஒருவகைத் தரவு உண்டு. 2008இல் வெஸ் மெக்கின்னி அந்த நூலகத்தை எழுதத் தொடங்கியபோது அந்தச் சொல்லைச் சுருக்கிப் பெயர் வைத்தார். கரடி பாவம்.

தம்பி ஒளிக்கற்றை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அக்கரைப்பற்றில் என் அப்பா நெல் வாங்கி விற்றவர். நிறுக்கும் இடத்தில் மூட்டைக்கு ஒரு பிடி குறைந்தால் எந்த விவசாயியும் கவனிக்க மாட்டார். ஆயிரம் மூட்டை லொறியில் ஏறியதும் அந்தப் பிடிகள் சேர்ந்து சில மூட்டைகள் ஆகிவிடும். (அப்பா அப்படிச் செய்தாரா என்று கேட்க வேண்டாம்.) இவ்வகை வலைகளுக்குப் போகும் படம் பொதுவாக 224 புள்ளி (பிக்சல்) அகலம், 224 புள்ளி உயரம், புள்ளிக்கு மூன்று நிற எண்கள். பெருக்கிப் பாருங்கள்: 1,50,528 எண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்தால் நம் கண்ணுக்குப் படாது, கூட்டிப் பார்க்கும் வலைக்கு அது மலை.

இன்னொன்று, அந்தப் புள்ளி மழை கண்ணை மூடிக்கொண்டு தூவியது என்று நினைக்காதீர்கள். அப்படித் தூவினால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துச் சமமாகிவிடும். ஒவ்வொரு எண்ணையும் எந்தப் பக்கம் தள்ளினால் விடை பிழைக்கும் என்று அந்த வலையிடமே கணக்குக் கேட்டுத் தள்ளியிருக்கிறார்கள். வலையின் உட்கணக்கு மிதமிஞ்சி நேர்கோட்டுத்தனமாக (சிறு மாற்றங்களை அப்படியே கூட்டிக்கொண்டு போவதாக) இருப்பதால்தான் இது பலிக்கிறது என்பதே குட்ஃபெலோ குழுவின் விளக்கம். அது வந்தபோது பலருக்கு ஆச்சரியம். வலைகள் மிகவும் வளைந்து நெளிந்தவை என்பதால் தவறுகின்றன என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள்.

உங்கள் எருமை வேறு நோய். அங்கே யாரும் பிடி எடுக்கவில்லை. அந்தச் சதவீதத்தையும் நம்பிக்கை என்று வாசிக்காதீர்கள். கொடுத்த பெயர்களுக்குள் நூறைப் பங்கிடும் கணக்கு அது. எத்தனை பெயர் கொடுத்தீர்கள்?

ஒளிக்கற்றை
வெள்ளி, இரவு 10.44

நான்கு அண்ணா. யானை, மனிதன், மாடு, நாய்.

மூன்றாம் அடைப்புக்குறி
வெள்ளி, இரவு 10.46

எருமை எந்தப் பெட்டியில்?

ஒளிக்கற்றை
வெள்ளி, இரவு 10.58

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மாடு என்று இணையத்தில் இறக்கிய படங்களில் எருமை ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெள்ளையும் கறுப்புமாகப் புல்வெளியில் நிற்கும் ஐரோப்பியப் பசுக்கள்.

படுவான்கரையான்
வெள்ளி, இரவு 11.02

மட்டக்களப்புத் தயிரைத் தின்று வளர்ந்த பிள்ளை செய்கிற வேலையா இது? எருமை இல்லாத பட்டியைப் படுவான்கரையில் எங்கே கண்டாய்?

ஓய்வுபெற்ற உயிரியல்
சனி, காலை 6.15

விடிந்ததும் இதைத்தான் படித்தேன். பழைய பழக்கம், ஒரு பாடவேளை எடுக்காமல் விடமாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் 1958இல் பூனையின் மூளையில் பார்வையைக் கவனிக்கும் புறணியில் நுண்மின்முனை ஒன்றைச் செருகி, ஒரு கலத்தின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தட்டில் கரும்புள்ளி வைத்துப் பூனையின் கண்ணுக்குக் காட்டினார்கள். கலம் வாய் திறக்கவில்லை. தட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் மெல்லிய நிழல் திரையில் கோடாக நகர்ந்தது. ஒலிபெருக்கியில் கலம் படபடவென்று வெடித்தது. ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகரும் கோட்டுக்காகத்தான் அது அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறது. 1981இல் நோபல் பரிசு. அதற்கு முந்திய வருடம் ஜப்பானில் குனிஹிகோ ஃபுகுஷிமா, கோட்டைக் காணும் கலம், அதற்கு மேல் கோடுகளைச் சேர்க்கும் கலம் என்ற அந்தப் படிக்கட்டைக் கணினிக்குள் கட்டிவிட்டார். இன்றைய படமறியும் வலைகள் அந்த வழி வந்தவை. ஆகவே மகன், உன் கமராவுக்குள் இருப்பது அந்தப் பூனையின் பேரன்.

பேரனுக்குக் கண் வந்தது, கால் வரவில்லை. இதற்கும் ஒரு பூனைக் கதை உண்டு. 1963இல் ரிச்சர்ட் ஹெல்டும் அலன் ஹைனும் இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளைச் சோடி சோடியாக ஒரு இராட்டினத்தில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்து சுற்றும். மற்றது தொட்டிலில் உட்கார்ந்திருக்கும். முதற்குட்டி நடக்க நடக்க இதுவும் சுற்றும். சுவரில் வரைந்திருந்த கோடுகள் இரண்டுக்கும் ஒன்றே. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம், மற்ற நேரம் இருட்டு. பிறகு சோதித்தால், நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கியது, முகத்தை நோக்கிப் பொருள் வந்தால் கண் சிமிட்டியது. தொட்டிற்குட்டிக்கு இரண்டும் வரவில்லை. கண்ணில் பழுது கிடையாது. பார்த்ததைத் தன் அசைவோடு முடிச்சுப் போட அதற்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்த உங்கள் வலைகள் எல்லாம் தொட்டிற்குட்டிகள். யானைப் படம் தெரியும்; யானை தன்னை நோக்கி வந்தால் பெரிதாகும் என்று தெரியாது.

இரவுப்பணி
சனி, காலை 7.30

சேர், உங்களிடம் உயர்தரம் படித்தவள் நான். பெயர் சொல்ல மாட்டேன், புள்ளிகளை நினைவு வைத்திருப்பீர்கள்.

தாதியாக இரவுக் கடமை முடித்து வந்து எழுதுகிறேன். படுவான்கரை அண்ணனின் பாறை சும்மா பகிடி அல்ல. 2018இல் ஒரு ஆய்வு வந்தது. இயந்திரத்தை ஏமாற்றச் செய்த படங்களை மனிதர்களுக்கு 60, 70 மில்லிசெக்கன் மட்டும் காட்டினார்கள். மனிதர்களும் அந்தப் பிழையான விடையின் பக்கம் சாய்ந்தார்கள். நேரம் கொடுத்தால் ஏமாறவில்லை. முதல் பார்வையில் நாங்களும் கிட்டத்தட்ட அந்த வலைதான். பிறகு கண்ணை ஓட்டுகிறோம், தலையைத் திருப்புகிறோம், "பொறு, அங்கே ஏது குரங்கு" என்று மேலிருந்து கீழே ஒரு செய்தி திரும்ப வருகிறது. விடியப்புறம் மூன்று மணிக்கு வார்ட்டின் கடைசிக் கட்டிலில் சேலைன் கம்பத்தை எழுந்து நிற்கும் நோயாளி என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன். இரண்டு எட்டு வைத்தால் கம்பம் ஆகிவிடும்.

இதற்கெல்லாம் மூளை எடுப்பது ஏறத்தாழ 20 வாட். வார்ட்டில் எரியும் குழல் விளக்கு அதைவிடக் கூடுதலாகத் தின்கிறது.

சாய்ந்தமருதூரான்
சனி, பகல் 1.20

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் படத்தில் பார்த்துப் பேசுகிறீர்கள், நான் நேரில் பார்த்தவன். 2022 ஒக்டோபரில், உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன், சீனாவிலிருந்து இரண்டு பாண்டாக்கள் இங்கே வந்தன. அல்-கோர் பூங்காவில் அவற்றுக்குத் தனி வீடு. ஆணுக்கு சுஹைல், பெண்ணுக்கு துரையா என்று அரபுப் பெயர், நட்சத்திரப் பெயர்கள். மத்திய கிழக்குக்கு வந்த முதல் பாண்டாக்கள் இவைதாம்.

ஒரு வெள்ளிக்கிழமை போனேன். வெளியே தார் உருகும் வெயில், உள்ளே கண்ணாடிக்கு அப்பால் மலைக் குளிர். ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மூங்கில் தின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் தட்டினார்கள், காவலாளி ஏசினார், அது திரும்பவே இல்லை. மூங்கிலைப் பிடிக்கும் பிடியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து விரலும் ஒரு பக்கம், ஆறாவதாக ஒன்று பெருவிரல் போல எதிர்ப்பக்கம். தண்டைச் சுழற்றி உரிக்கிற நேர்த்தியில் ஒரு கரும்புக் கடைக்காரர் தெரிந்தார்.

மூங்கில் விமானத்தில் வருகிறதாம். பாண்டாக்களைச் சீனா பெரும்பாலும் தவணை போட்டு இரவலாகத்தான் கொடுக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். எனக்கும் தவணைதான். அன்றிரவு அறையில், உம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டைப் பொரித்துக்கொண்டிருக்கும்போது அந்த முதுகு நினைவுக்கு வந்தது.

வெறும் வாசகன்
சனி, மாலை 4.10

என் கருத்தைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். இறைச்சி தின்னும் குடலோடு பிறந்து மூங்கில் தின்கிறது. வருடத்தில் மூன்று நாள்தான் பெட்டைக்குப் பருவம், அந்த மூன்று நாளும் ஆண் தூங்குகிறது. அழகான முகம் என்ற ஒரே காரணத்துக்காக உலகம் கோடிக்கணக்கில் செலவழிக்கிறது. பரிணாமம் கைவிட்ட விலங்கை விட்டுவிட்டால் என்ன?

ஓய்வுபெற்ற உயிரியல்
சனி, மாலை 5.35

அடிக்க மாட்டேன், வயது போய்விட்டது. ஆனால் இந்தக் கருத்து பிழை. பிழையின் வகை தம்பியின் கமரா விட்டதேதான்.

கட்டாரிலுள்ள நானா கண்ட ஆறாவது விரல் உண்மையில் விரல் அல்ல. மணிக்கட்டிலுள்ள சிறிய எள்ளெலும்பு நீண்டு பெருவிரல் வேலை பார்க்கிறது. சீனாவின் யுன்னானில் கிடைத்த 60 இலட்சம் வருடத்துக்கு மேற்பட்ட எச்சங்களிலேயே அந்த எலும்பு நீண்டிருக்கிறது. அவ்வளவு காலம் மூங்கிலில் தாக்குப்பிடித்த விலங்கைப் பரிணாமம் கைவிட்டதென்று எப்படிச் சொல்வது? குடலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தின்பதில் ஏறத்தாழ 17 சதவீதந்தான் செமிக்கும். அதனால் நாளெல்லாம் தின்னும், நாளொன்றுக்கு 12 முதல் 38 கிலோ வரை. கிடைக்கும் கொஞ்சச் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிக்கும். சோம்பல் என்று நீங்கள் காண்பது கஞ்சத்தனம்.

பருவம் 24 முதல் 72 மணித்தியாலம் என்பதும் சரி. காட்டில் அது போதும். வாசனை அடையாளங்களை வாசித்து ஆண்கள் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடும், தங்களுக்குள் மோதும், பெட்டை தெரிவு செய்யும். இதில் எது கூண்டுக்குள் நடக்கிறது? ஒரு ஆணை, மரபணுப் பதிவேட்டைப் பார்த்து அதிகாரி தெரிவு செய்து, கதவைத் திறந்து உள்ளே விடுகிறார். 2015இல் சிச்சுவானின் பிஃபெங்சியா நிலையத்தில் நடந்த ஆய்வில், இரண்டும் ஒன்றையொன்று விரும்பிய சோடிகளுக்கே குட்டிகள் கூடுதலாகக் கிடைத்தன. கலியாணத் தரகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஹொங்கொங் ஓஷன் பார்க்கில் யிங் யிங், லெ லெ என்ற சோடி பத்து வருடம் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவால் பூங்கா மூடிக்கிடந்த நேரத்தில், முதன்முறையாக இயல்பாக இணைந்தன. கூட்டம் இல்லாததுதான் காரணமா என்று ஒரு சோடியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 2024 ஓகஸ்டில் அதே யிங் யிங் இரட்டைக் குட்டி ஈன்றது.

நீங்கள் கூண்டைப் பார்த்துவிட்டு விலங்குக்குச் சான்றிதழ் எழுதுகிறீர்கள். 2014இல் முடிந்த கணக்கெடுப்பின்படி காட்டில் 1,864 பாண்டாக்கள். 2016இல் 'அருகிவரும்' பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி 'அழிவாய்ப்புள்ள' இனம் என்று மாற்றினார்கள்.

நெறியாளர்
சனி, மாலை 6.00

"கலியாணத் தரகர்" என்பதற்குப் பதிலாக வந்த ஆறு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். பாண்டா, மூளை, இயந்திரம் மூன்றுக்குள் நில்லுங்கள். யானைக்கும் அனுமதி உண்டு.

ஒளிக்கற்றை
சனி, இரவு 8.15

சேர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று பொறி தட்டியது. இணையத்தில் கிடைக்கும் பாண்டாப் படங்களில் பெரும்பாலானவை மிருகக்காட்சிசாலையில் எடுத்தவையாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் வலை கற்றது கூண்டுப் பாண்டாவை. பாண்டாவே கூண்டில், அதைக் கற்ற வலையும் கூண்டில்.

2018இல் கலிஃபோர்னியாவில் காட்டுக் கமராப் படங்களை வைத்து ஒரு குழு செய்த ஆய்வு கிடைத்தது. பழகிய இடங்களில் நன்றாக வேலை செய்த மென்பொருள், கமராவை வேறு இடத்துக்கு மாற்றியதும் தடுமாறியது. அவர்கள் முதலில் காட்டும் உதாரணம் மாடு. புல்வெளியில் நின்றால் மாடு என்கிறது. கடற்கரையில் நின்றால் தவறவிடுகிறது. மாட்டோடு சேர்த்துப் புல்லையும் மனப்பாடம் செய்திருக்கிறது.

அதே வருடம் டொரொன்டோவில் இன்னொரு வேடிக்கை. வீட்டின் வரவேற்பறைப் படத்துக்குள் ஒரு யானையை வெட்டி ஒட்டினார்கள். சில இடங்களில் வைத்தால் யானையே தெரியவில்லை. வேறு சில இடங்களில், யானை வந்ததும் பக்கத்திலிருந்த பொருட்களின் பெயர்கள் மாறிவிட்டன.

படுவான்கரையான்
சனி, இரவு 8.31

கடற்கரையில் மாடு என்றால் அதிசயமா? கல்லடிக் கடற்கரையில் மாடு படுத்திருக்காத ஒரு பின்னேரத்தைக் காட்டு பார்ப்போம். அந்த மென்பொருளை மட்டக்களப்பில் படிக்க வைத்திருந்தால் மணலைக் கண்டாலே மாடு என்றிருக்கும்.

யானைக்கு நெறியாளர் அனுமதி தந்ததால் சொல்கிறேன். எங்கள் பக்கம் மின்வேலி போட்ட புதிதில் யானை கிட்ட வரவில்லை. பிறகு ஒரு தனியன் வந்தது. கம்பியைத் தொடவில்லை. பக்கத்து மரத்தைத் தள்ளி வேலிக்கு மேல் விழுத்தியது, கம்பி நிலத்தில் கிடந்ததும் கடந்து போனது. அடுத்த முறை வேலித் தூணைப் பாதத்தால் உதைத்துச் சாய்த்தது. அதற்கு யார் பத்து இலட்சம் படம் காட்டினார்கள்?

அதே யானைதான் அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று சாகிறது. எட்டு வருடத்தில் 20 அளவில் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வேலியின் சூத்திரம் பிடிபட்ட மூளைக்குப் பொலித்தீன் பிடிபடவில்லை. சோற்று மணம் அடிக்கிறது, தின்கிறது.

இரவுப்பணி
சனி, இரவு 9.05

அண்ணன் கடைசியில் சொன்னதை நான் மறக்க மாட்டேன். புள்ளி மழை தெளித்த பாண்டாப் படம் மாதிரித்தான் அதுவும். சாப்பாட்டின் மணம் மேலே, உள்ளே வேறு பொருள்.

யானை மூளையின் கணக்கும் விசித்திரமானது. 2014இல் ஆபிரிக்க யானை ஒன்றின் மூளையைக் கரைத்து எண்ணினார்கள். ஏறத்தாழ 257 பில்லியன் நரம்புக்கலங்கள். மனிதனுக்கு 86 பில்லியன். ஆனால் யானையின் கலங்களில் நூற்றுக்கு 97க்கு மேல் சிறுமூளையில் இருந்தன. பெருமூளைப் புறணியில் 5.6 பில்லியன்தான், எங்களுக்கு அங்கே 16 பில்லியன். அவ்வளவு பெரிய சிறுமூளை தும்பிக்கையை ஆட்டுவதற்கா என்று ஒரு ஊகம் உண்டு. எண்ணிக்கையை வைத்து அறிவை அளக்கிறவர்கள், இன்றைக்கு இத்தனை பில்லியன் அளபுருக்கள் (பழகும்போது மாறும் உள் எண்கள்) கொண்ட மாதிரி என்று விளம்பரம் செய்கிறவர்கள் உட்பட, இந்த யானையைக் கொஞ்சம் நினைக்கலாம்.

மூன்றாம் அடைப்புக்குறி
சனி, இரவு 10.20

நான் கொஞ்சம் குழப்பப் போகிறேன். "வலையும் கூண்டுப் பாண்டாதான்" என்ற உவமை அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

2006இல் சியாங் சியாங் என்ற ஆண் பாண்டாவைக் காட்டில் விட்டார்கள். கூண்டில் பிறந்து காட்டுக்குப் போன முதல் பாண்டா. மூன்று வருடம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் இறந்து கிடந்தது. காட்டுப் பாண்டாக்களோடு நடந்த சண்டையில் காயப்பட்டு விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். மூங்கில் தேட அதற்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது மற்றப் பாண்டாக்களோடு சமாளிப்பது. 2012இல் தாவ் தாவ் என்ற குட்டியை விட்டபோது முறையை மாற்றினார்கள். தாயே வளர்த்தது, அரைக்காட்டில். கிட்டப் போன பணியாளர்கள் பாண்டா உடுப்புப் போட்டுக்கொண்டு, பாண்டாவின் மூத்திர வாசம் பூசிக்கொண்டு போனார்கள். நம் உடவளவையில் 1995 முதல் அநாதை யானைக்குட்டிகளை மனிதரோடு ஒட்டவிடாமல் வளர்த்துக் காட்டில் விடுவதும் இந்தக் கணக்குத்தான்.

அதாவது பாண்டாவுக்குள் காடு ஏற்கெனவே பாதி இருக்கிறது; பெருவிரல் எலும்போடு சேர்ந்து வந்தது. கூண்டு அதை மறைக்கிறது. வலைக்குள் அப்படி எதுவும் இல்லை. வெளியே விட்டால் திரும்பிப் போக அதற்கு ஒரு காடு கிடையாது. அதற்கு இணையம்தான் தாய்வீடு. அந்தத் தாய்வீடும் இப்போது வலைகளே எழுதிய எழுத்தாலும் வரைந்த படத்தாலும் நிரம்பிக்கொண்டு வருகிறது. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, மாதிரிகள் தம் வெளியீட்டையே தலைமுறை தலைமுறையாகத் தின்று பழகினால், அரிதான விடயங்கள் முதலில் மறைந்து, கடைசியில் உளறலில் முடியும் என்று காட்டியது. பாண்டாப் பதிவேடு வைத்திருப்பவர்கள் நெருங்கிய இரத்தத்தில் சோடி சேராமல் பார்ப்பது ஏன் என்று சேருக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற உயிரியல்
ஞாயிறு, காலை 6.05

நல்ல குழப்பம். ஒன்றை மட்டும் நேற்று நான் சொல்லாமல் விட்டேன், மனச்சாட்சி குத்துகிறது. அந்தத் தொட்டிற்பூனைக் குட்டிகளை வெளிச்சத்தில் 48 மணித்தியாலம் தம் பாட்டுக்கு உலவ விட்டபோது, அவையும் மற்றவைபோல் தேறிவிட்டன. நான் வகுப்பில் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. சொன்னால் கதையின் காரம் குறையும்.

இரண்டே நாள். உன் வலைக்குக் காடு உள்ளே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால் கொடுத்தால் எத்தனை நாளில் தேறும் என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

மூன்றாம் அடைப்புக்குறி
ஞாயிறு, காலை 9.40

இருபது வருடமாகப் பாதிக் கதையைச் சொல்லி எங்களுக்கு இரக்கம் வரவைத்திருக்கிறீர்கள், சேர்.

ஒளிக்கற்றை, ஒரு நடைமுறை யோசனை. சீனாவில் பாண்டா முகங்களை அடையாளம் காண 2019இல் செயலி செய்தார்கள். 1,20,000 படங்கள், 10,000 காணொளித் துணுக்குகள். உங்களிடம் அந்த வசதி இல்லை. ஆனால் 2020இல் வேறொன்று செய்தார்கள். பருவகாலத்தில் பாண்டாக்கள் எழுப்பும் குரலைப் பதிந்து, அந்தச் சோடி இணையுமா இணையாதா என்று கணிக்கும் மென்பொருள். கண்ணைவிட்டுக் காதைப் பிடித்தார்கள். இருட்டில் உங்கள் கமராவுக்கு என்ன தெரியப்போகிறது?

ஒளிக்கற்றை
புதன், பகல் 11.50

மூன்று இரவு மாமாவின் பரணில் இருந்துவிட்டு வந்தேன். நுளம்பு ஒரு பக்கம்.

எருமைப் படங்கள் நானே எடுத்துச் சேர்த்தேன், 'தெரியாது' என்று ஒரு பெட்டியும் வைத்தேன். முதல் இரவு கமரா எல்லாவற்றுக்கும் தெரியாது என்றது. மாமாவுக்கு அதுதான் பிடித்தது. "இப்போதுதான் ஒழுங்காகப் பேசுகிறது" என்றார்.

மூன்றாவது இரவு யானை வந்தது. கமராவில் சத்தமில்லை. பிறகு படத்தைப் பார்த்தால் இருட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். முதலில் அறிந்தது பரணுக்குக் கீழே படுத்திருந்த நாய். மாமா எழுந்து வெடியைக் கையில் எடுத்தபோது எனக்கு எதுவுமே கேட்கவில்லை, தெரியவில்லை. எப்படித் தெரியும் என்றேன். ஆளைக் கண்டால் நாய் முன்னால் ஓடிப் போய்க் குரைக்குமாம். பன்றிக்கும் அப்படித்தான். யானைக்கு மட்டும் வெளியே வராதாம். பரண் காலோடு ஒட்டிக்கொண்டு தொண்டைக்குள் உறுமுமாம். அன்றைக்கு அப்படித்தான் உறுமியது. காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

அடைப்புக்குறி அண்ணா, அந்த உறுமலைப் பிடிக்க நாயின் கழுத்துப் பட்டியில் ஒலிவாங்கி கட்டலாமா? எத்தனை இரவு பதிந்தால் போதும்?

மூன்றாம் அடைப்புக்குறி
புதன், பகல் 12.15

கழுத்தில் கட்டினால் சொறிகிற சத்தம்தான் பதிவாகும். பரண் காலில் கட்டுங்கள். யானை வந்த இரவுகள் பத்தாவது வேண்டும், வராத இரவுகள் அதைவிட நிறைய. இன்னொரு நாயின் குரலையும் சேர்த்துப் பதியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மாமாவின் நாயை மட்டுமே அறிந்த மென்பொருள் ஆகிவிடும்.

படுவான்கரையான்
புதன், பகல் 12.22

எங்கள் பட்டியில் இரண்டு நாய் இருக்கிறது. ஒன்று யானைக்கு உறுமும். மற்றது எதற்கும் எழும்பாது, அதையும் பதிந்துகொள். ஒலிவாங்கியோடு வரும்போது ஒரு பார்சல் சோறும் கொண்டுவா, புதியவர்களை அவை சும்மா விடாது.